ஆள் இல்லை

இருட்டு ஷாட் எடுக்கிற நாள்களில் குசுமி முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். மேசைமேல் வைக்கமாட்டார். கால்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயை ஊக்கால் மூடுவார். அடுத்து கறுப்பு மேலங்கி. அதன் பித்தான்களும் கறுப்புதான். ஆனால் பித்தான் மினுங்கும் என்று ஒவ்வொன்றின் மேலும் கறுப்புக் காகிதத் துணுக்கு ஒட்டுவார். மூக்குக் கண்ணாடியின் கீல்களுக்கு இரண்டு துணுக்கு. விரல் நுனி வெட்டிய கறுப்புக் கையுறை. கடைசியில், கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டுத் தைத்த கறுப்பு முகமூடி. எல்லாம் முடிந்ததும் மேசையில் முழுக் கறுப்பாக வண்ணம் பூசிய கண்ணாடித்தாள் ஒன்றை விரித்து, விளக்கைப் போட்டு, அதன் மேல் குனிவார். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பார், அந்தப் பக்கம் சாய்ப்பார். தாளில் தன்னைக் காணோம் என்று நிச்சயமானதும் சொல்வார்.

"ஆள் இல்லை."

அதற்குப் பிறகுதான் ஷட்டர்.

எங்கள் கார்ட்டூன் படத் தொழிலில் கேமரா தலைக்குமேல் தொங்கிக்கொண்டு கீழே பார்க்கும். மேசையில் பின்னணி ஓவியம், அதன்மேல் பாத்திரம் வரைந்த கண்ணாடித்தாள், அதன்மேல் அழுத்துகிற கண்ணாடி. ஒரு படம் எடுத்து, தாளை மாற்றி, அடுத்த படம். ஒரு நொடி ஓடுவதற்கு இருபத்துநாலு முறை ஷட்டர் விழ வேண்டும். பகல் காட்சி என்றால் கவலையில்லை. இருட்டென்றால் அந்தப் பளபளப்பான தாள் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். கேமராவே அதில் தெரியும் என்பதால், லென்ஸுக்கு மட்டும் துளை விட்ட கறுப்புப் பலகை ஒன்றை அதன் கீழே மாட்டி வைத்திருப்போம். அப்படியும் தன் சட்டைப் பித்தானை ஒருமுறையாவது இரவு வானத்தில் நட்சத்திரமாக்காத கேமராக்காரன் டோக்கியோவில் கிடையாது. குசுமி மட்டும் விதிவிலக்கு. ஒன்பது வருடத்தில் அவருடைய பித்தான்கூடப் படத்தில் விழுந்ததில்லை.

ஓகிகுபோவில், ரயில் பாதையை ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடம் எங்கள் ஸ்டூடியோ. மேலே வண்ணம் தீட்டுகிற பெண்கள், கீழே ஜன்னல் இல்லாத கேமரா அறை. அதில் இரண்டு பேர், குசுமியும் நானும். நான் அதிகம் பேசமாட்டேன், அவர் அதற்கும் குறைவு. என் மேலங்கிப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கும். அவர் அதை எடுத்து இரண்டு வரி பார்த்துவிட்டு, "பக்கத்துல பாதி காலியா இருக்கே, காசு திருப்பித் தருவாங்களா?" என்பார். ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முகமூடியோடு தேநீர் எடுக்க மாடிக்குப் போனால் பெண்கள் விடமாட்டார்கள். வண்ணப் பிரிவின் மூத்தவள் இவாபுச்சி குரல் கொடுப்பாள்.

"ஏய், எல்லாரும் கைப்பையைப் பத்திரமா வெச்சுக்கோங்கடி, திருடன் வந்துட்டான்."

"திருடன் இல்லக்கா, நாடக மேடையில கறுப்புத் துணி போட்டுக்கிட்டு நாற்காலி நகர்த்துவானே, அவன். நாம பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கணும்."

"அப்ப தேநீர் தன்னால கீழ போகுதுன்னு வெச்சுக்குவோம்."

குசுமி சிரிக்காமல் தலை குனிந்து வணங்கிவிட்டு இறங்கிவிடுவார்.

பார்த்துக்கொண்டே இருப்பது என் சுபாவம். அதனால் சிலவற்றைப் பார்த்து வைத்திருந்தேன். வருடக் கடைசி விருந்தில் குழுப்படம் எடுக்கும்போது கேமராவை அவர்தான் வாங்கிக்கொள்வார். வெந்நீர் ஊற்றுக்குப் போன சுற்றுலாவிலும் அப்படியே. ஒருமுறை பல்வலியில் கன்னம் ரொட்டிபோல் வீங்கியிருந்தது. என் தெருவில் நல்ல பல் மருத்துவர் இருக்கிறார் என்றேன். "காப்பீட்டு அட்டை எடுத்துட்டு வரலை" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். கடைசியில் வீக்கம் தானாக வடிந்தது.

இன்னொன்று. வருடத்தில் ஒருமுறை, மழைக்காலம் தொடங்குகிற வாரத்தில், நிலையத்துக்கு எதிரே இருக்கிற பொதுத் தொலைபேசியில் நிற்பார். எண்களை அழுத்துவார். காதில் வைத்திருப்பார். பேசமாட்டார், வைத்துவிடுவார். எதிரே கறி ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும்போது இரண்டு மூன்று வருடம் இதைப் பார்த்தேன். நான் சொல்லப்போகிற அந்த வருடம் மட்டும் அவர் உதடு அசைந்தது. ஒரு சொல். கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னும் ஏதோ சொல்லி, பெட்டிக்குள் இருக்கிற யாருக்கோ போல, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம். கூண்டுக் கண்ணாடியில் நெற்றி இடித்துக்கொண்டது.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது அமாமியாவின் படம். அமாமியா எங்கள் டைரக்டர். நாற்பது வயது, கையில் அணையாத சிகரெட், குசுமியைத் தவிர யாரையும் வாடா போடா என்று பேசுகிற பெண். கதை எளிமையானது. ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடி, வேறு ஊரில் வேறொருத்தியின் பெயரில் வாழ்கிறாள். கடைசியில் ஒருவன் அவள் பெயரைக் கேட்கிறான். இரண்டு பெயரில் எதுவும் அவள் வாயில் வரவில்லை. இரவில் நீர்த்தேக்கத்துக்குப் போய்க் குனிந்து பார்க்கிறாள். அவள் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டும். ஆறு நொடி.

அந்த ஆறு நொடிதான் தீரவில்லை. அவள் முகத்தை வரைந்து பார்த்தார்கள். கலங்கிய முகம், உடைந்த முகம், கண் இல்லாத முகம். ஒவ்வொன்றையும் அமாமியா கிழித்துப் போட்டாள்.

"இருட்டு இருக்கு. தண்ணி இருக்கு. நான் யாருன்னு தெரியலையேன்னு ஒருத்தி தவிக்கிறாளே, அது எங்கடா இருக்கு? கலங்கின முகத்தை ஊர்ல எல்லாரும்தான் வரையறான்."

கடைசியில் அலுத்துப்போய், ஒன்றும் வேண்டாம், வெறும் கறுப்புத் தண்ணீரும் அலையும் போதும் என்று முடிவானது. முதலில் கறுப்பை எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அதன்மேல் அலைகளை எடுக்க வேண்டும். இருட்டு ஷாட் என்பதால் குசுமிக்குப் போனது. தொலைபேசிக் கூண்டில் அவரைப் பார்த்ததற்கு மறுநாள் அதை எடுத்தார். அன்றைக்கு எனக்குப் பிலிம் கழுவுகிற லேபுக்குப் போகிற வேலை இருந்தது.

கழுவி வந்த பிலிமை ஓட்டிப் பார்க்கிற ரஷ் காலையில். சின்ன அறை, மடக்கு நாற்காலிகள். நாலைந்து ஷாட் ஓடியது. பிறகு அந்தக் கறுப்பு. அலை ஒன்று மெல்ல விரிந்தது. விரிந்த இடத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல், ஒரு முகம் தெரிந்தது.

வரைந்த முகம் இல்லை. மனித முகம். ஐம்பது வயது ஆணின் முகம், குவியம் சரியாக விழாமல் கரைந்தாற்போல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இவாபுச்சி "அம்மா!" என்று கத்தி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் வலித்தது. அந்த முகத்தை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. முகமூடி இல்லாமல் அவரை நேருக்கு நேர் அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விளக்கு போட்டார்கள். குசுமி எழுந்து நின்றார்.

"என் பிழை. ரீடேக் எடுத்துடறேன்."

"கை வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்" என்றாள் அமாமியா. "இதுதான். இதைத்தான் ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன். அவ குனிஞ்சு பார்க்கிறா, முன்பின் தெரியாத ஒருத்தன் அவளைப் பார்க்கிறான்! ஐயோ. எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியுது, பாருங்க."

"பலகையைச் சரியா மாட்டாம விட்டுட்டேன். தவறு நடந்துபோச்சு."

"நல்ல தவறு. படத்துல இருக்கட்டும்."

மற்றவர்கள் அதைத் தவறு என்றே நம்பினார்கள். நான் கேமராக்காரன், என்னால் நம்ப முடியவில்லை. பலகை விலகிவிட்டால் தாளில் தெரிவது லென்ஸ்தான், மனிதன் இல்லை. மனிதன் தெரிய வேண்டுமானால் முக்காலியில் ஏறி, லென்ஸுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, முகத்தில் விளக்கும் விழ நிற்க வேண்டும். அதுவும் ஒரு முறை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும். தாளை மாற்று, ஏறு, அதே இடத்தில் முகத்தை வை, அழுத்து. ஆறு நொடிக்கு அரைநாள் வேலை. ஆள் இல்லை என்று ஒன்பது வருடம் சொன்னவர் அரைநாள் முழுக்க, முகமூடியைக் கழற்றிவிட்டு, தன்னைத் தானே அந்தக் கறுப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அவர் அந்தச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். இரண்டு கையையும் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தார்.

"இந்த முகம் கொட்டகைக்குப் போகக் கூடாது. போனா நான் இந்த ஊர்ல இருக்க முடியாது. எங்கேயுமே இருக்க முடியாது. தயவு பண்ணுங்க."

"எழுந்திரிங்க குசுமி-சான்! என்ன இது அசிங்கமா... எழுந்திரிங்க." அமாமியாவின் சிகரெட் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "எனக்கு ஒரு முகம் வேணும். அதைவிட்டா இந்தப் படம் இல்லை. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க?"

"என் முகம் ஆகுமா?"

கேட்டது நான்தான். அந்த அறையில் அதுவரை நான் வாய் திறந்ததே இல்லை. எல்லோரும் யார் பேசியது என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு? நம்ம ஹோசோயாவா?" என்றாள் இவாபுச்சி. "இவனுக்கு வாய் இருக்கா?"

அமாமியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்குக் காட்டு. சரியில்லைன்னா இதுதான் போகும். சொல்லிட்டேன்."

அன்று மதியம் இருவரும் உள்ளே போனோம். நான் முக்காலிமேல் நின்று லென்ஸை ஒட்டித் தலையை நீட்டினேன். கீழே கறுப்புத் தாளில் என் முகம். குசுமி முழு உடுப்பில், முகமூடியோடு, தாளை மாற்றி ஷட்டரை அழுத்தினார். ஷட்டர் விழும்போது நான் அசையக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை. கழுத்து இற்றுப்போகிற வேலை.

"அசையாதே. மூச்சு விடலாம்."

டக்.

கொஞ்ச நேரம் அப்படிப் போனது. பிறகு அவர் தாளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"என் பேரு குசுமி இல்லை, தம்பி. உனக்குக் கடன்பட்டுட்டேன், அதனால சொல்றேன். ரயில் விட்டு இறங்கி நடந்தப்ப ஒரு வீட்டு வாசல்ல அந்தப் பேர்ப்பலகை இருந்துச்சு. எழுத்து நல்லா இருந்துச்சு."

டக்.

"தொயாமாவுல மருந்துக் கம்பெனியில வேலை. நல்ல வேலை. வீட்டுக்காரியும் நல்லவ. அதனால ஏன்னு கேட்காதே. காரணம் ஒண்ணு இருந்திருந்தா எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். மழை தொடங்குற வாரம், காலையில ரயில் சுரங்கத்துக்குள்ள போச்சு. ஜன்னல் கறுத்துச்சு. அதுல ஒருத்தன் டை கட்டிக்கிட்டு என்னைப் பார்க்கிறான். யாரிவன், முறைக்கிறானேன்னு நினைச்சேன். வெளிச்சம் வந்தப்புறம்தான் நான்னு தெரிஞ்சுது. என் நிறுத்தம் வந்துச்சு. நான் இறங்கலை."

டக்.

"தலையை நிமிர்த்தாதே. பழைய இடத்துக்கு வா. ம்."

டக்.

"அன்னிக்குப் பொண்ணு பள்ளிக்கூடத்துல மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஒன்பது வயசு. அவ சாப்பாட்டு டப்பா என் பையில இருந்துச்சு. போற வழியில பள்ளிக்கூட வாசல்ல கொடுக்கிறேன்னு வாங்கி வெச்சவன், மறந்துட்டேன். உருட்டின சோறு, முட்டை, ஆக்டோபஸ் மாதிரி வெட்டின சின்ன சாஸேஜ். மத்தியானம் எந்த ஊருன்னே தெரியாத ஒரு நிலையத்துல உக்காந்து..."

அவர் தாளை மேசை முளைகளில் மாட்டினார். கண்ணாடியை இறக்கினார்.

"நான்தான் சாப்பிட்டேன். எல்லாத்தையும்."

டக்.

கீழே கறுப்புக்குள் இருந்தவனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அது நான்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. மூடவும் முடியவில்லை. குசுமி கீழே பார்த்தார், மேலே என்னைப் பார்த்தார். முகமூடி ஓட்டைகளில் கண் மட்டும் தெரிந்தது.

"அப்படியே இரு" என்றார். "எடுத்துடலாம்."

நேற்று அவர் ஏன் தன் முகத்தை எடுத்தார் என்று கேட்க நினைத்தேன். வாய் அசைந்தால் ஷாட் கெட்டுவிடும். முடிந்த பிறகு கேட்டிருக்கலாம். முடிந்ததும் அவர் பித்தான்களிலிருந்து காகிதத் துணுக்குகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். கேட்க வரவில்லை.

மறுநாள் ரஷ். நாலாவது நொடியில் அந்த முகம் மாறுகிறது. அதுவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவன், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டவனைப்போல் ஆகிறான். வாய் லேசாகத் திறந்ததைத் தவிர ஒரு தசைகூடத் துடிக்கவில்லை. ஆனால் வேறு ஆள். அமாமியா மூன்று முறை போடச் சொன்னாள்.

"டேய், நீ நாடகத்துல நடிச்சவனா?"

"இல்லைங்க."

"அப்ப இது எங்கேர்ந்துடா வந்துச்சு?"

குசுமி பின்வரிசையில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தெரியாது என்றேன். அவருடைய முகம் இருந்த துண்டு வெட்டி எறியப்பட்டது. குப்பைக் கூடையிலிருந்து அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. அவ்வளவு நேரம் உழைத்து எடுத்ததை எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஷாட் முடிந்த வாரம் குசுமி வரவில்லை. குளியல் கூடத்துக்கு மேலிருந்த அவர் அறையில் பாயும் ஒரு கெட்டிலும் இருந்தன. முகமூடியைத் துவைத்து, மடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் குற்றம் செய்தவன்போல் திரிந்தேன். முகம் போகாமல் காப்பாற்றியும் ஆள் போய்விட்டாரே என்றிருந்தது. படம் குளிர்காலத்தில் வெளியானது. பத்திரிகைகளில் அந்த இருட்டைப் பற்றியும் நீரைப் பற்றியும் பெரிய பெரிய சொற்களில் எழுதினார்கள். நான் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தேன்.

பனி உருகுகிற சமயத்தில் ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். பத்தொன்பது, இருபது வயது. தொயாமாப் பேச்சு. கையில் பெட்டி நிறைய அந்த ஊர் மீன் பணியாரம். எல்லோருக்கும் ஆளுக்கொன்று என்று அம்மா கொடுத்தனுப்பியதாம். பெயர் தொகாஷி சிஹாரு.

"எங்கப்பா இங்க வேற பேர்ல வேலை பார்த்தாராம். கேமராவுல."

நான் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். "இலையுதிர் காலத்துல ஒரு நாள் வாசல்ல நிக்கிறாரு. அம்மா மீன் கழுவிக்கிட்டு இருந்தாங்க. கத்தியோட அப்படியே நின்னாங்க. நான்தான் கத்தியை வாங்கினேன்."

"இப்ப நல்லா இருக்காரா?"

"பல்லுதான் வலிக்குதுன்றாரு. மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போக முடியலை. அட்டை போட நகராட்சிக்குப் போனா, இவர் செத்துட்டாரேங்கறாங்க. ஏழு வருஷம் காணோம்னா கோர்ட்டு செத்ததா அறிவிச்சுடும். பாட்டன் வீட்டாளுங்க நச்சரிச்சு, அம்மா போன வருஷம்தான் மனு போட்டாங்க. உத்தரவும் வந்துடுச்சு. இப்ப அதை ரத்து பண்ணணும். இத்தனை நாள் உயிரோடதான் இருந்தாருன்னு காட்டணும். ஒரு போட்டோ இருந்தாக் கொடுங்களேன்."

மாடியிலிருந்து இவாபுச்சி ஆல்பங்களைக் கொண்டுவந்தாள். விருந்துகள், வெந்நீர் ஊற்று, செர்ரி மரத்தடி. எல்லாப் படத்திலும் நாங்கள் இருந்தோம். அவர் எடுத்த படங்கள். ஒன்றில்கூட அவர் இல்லை.

என் இழுப்பறையிலிருந்து அந்தப் பிலிம் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கறுப்பு, கறுப்பு, கறுப்புக்குள் ஒரு சின்ன முகம், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் அதை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தாள்.

"படத்துல இந்த இடத்துல நீங்கதானே வர்றீங்க? கொட்டகையில அப்பா என் காதுல சொன்னாரு. அது ஹோசோயா, அசையாம நிக்கத் தெரியாதவன்னு."

"இது எப்ப எடுத்தது?" என்று பிறகு கேட்டாள். மழை தொடங்கின வாரம் என்றேன். முந்தின நாள் அவர் தொலைபேசிக் கூண்டில் நின்றதையும், அந்த வருடம் மட்டும் ஏதோ பேசியதையும், வணங்கும்போது நெற்றி இடித்துக்கொண்டதையும் சொன்னேன்.

அவள் பிலிமை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

அந்த நாள் அவர்கள் வீட்டில் இறுதிச் சடங்கு நடந்திருக்கிறது. உத்தரவு வந்த பிறகு, உடல் இல்லாததால், பழைய டை ஒன்றைக் கலசத்தில் வைத்துப் பிக்குவை அழைத்து மந்திரம் ஓதியிருக்கிறார்கள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே தொலைபேசி மணி அடித்தது. எடுத்தது அத்தை. அந்தப் பக்கம் பேச்சில்லை. "இன்னிக்குப் பேச முடியாதுங்க, வீட்டுல சாவு" என்றாள் அத்தை. "யாருக்கு?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. அத்தை தொகாஷியின் முழுப் பெயரைச் சொன்னாள். பிறகு அந்தக் குரல் முறைப்படி சொன்னதாம்:

"அப்படியா. என் ஆழ்ந்த அனுதாபங்கள்."

அவருடைய பழைய அலுவலகத்து ஆள் யாரோ என்றுதான் அத்தை நினைத்தாளாம். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.